பல வண்டிகளின் உதிரிகள் சேர்ந்த டாஷ்போர்டை ஒரே வண்டியின் டாஷ்போர்டாக்குவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்றை ஒருவர் வாங்கியிருக்கிறார். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். வண்டி ஓடுகிறது, ஆனால் டாஷ்போர்டு நான்கைந்து வண்டிகளிலிருந்து பொறுக்கியதாக இருக்கிறது. மேலே உள்ள மெத்தைப் பகுதி கறுப்பு, மீட்டர்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டமான பெசல் பழுப்பு, கையுறைப் பெட்டியின் கதவு நீலம். வேகமானி 85 மைலோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் பிரஷர் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது, டெம்பரேச்சர் முள் அசைவதே இல்லை, பெட்ரோல் முள் எப்போதும் முழு டேங்கைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்தி எஞ்சினை உறுமவிட்டால்தான் பேட்டரி சார்ஜ் ஆகத் தொடங்குகிறது. நிறத்தை எப்படி ஒன்றாக்குவது என்பதுதான் அவர் முதலில் கேட்டது. மற்றவற்றை இடையில் குறிப்பிட்டிருந்தார்.

வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் பதில். நிறம் பொருந்தாவிட்டால் கண்ணுக்கு உறுத்தும். மீட்டர் பொருந்தாவிட்டால் எஞ்சினே போய்விடும். டெம்பரேச்சர் முள் அசையாத வண்டியில் தண்ணீர் கொதிப்பது பானெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் தெரியும். மேலும், மீட்டரை வெளியே எடுக்கப் பெசலை எப்படியும் கழற்றியாக வேண்டும் என்பதால், முதலில் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டுப் பிறகு மின்கோளாறைத் தேடுகிறவர் புதுப் பெயிண்டின் மேல் ஸ்க்ரூடிரைவரால் கீறிக்கொள்வார்.

மேலே சொன்ன கோளாறுகளில் பெட்ரோல் முள்ளைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்று அறிகுறிகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். 1973 முதல் 1987 வரை வந்த இந்த வரிசைப் பிக்கப்களில் இரண்டு வகை மீட்டர் பெட்டிகள் இருந்தன. மலிவான வகையில் வேகமானியும் பெட்ரோல் மீட்டரும் மட்டுமே முள் வைத்தவை. எண்ணெய் அழுத்தம், வெப்பம், சார்ஜ் மூன்றுக்கும் எச்சரிக்கை விளக்குகள்தான். கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முள் வைத்த பெட்டி வந்தது. இந்த வண்டி ஆலையிலிருந்து விளக்கு வகையாக வந்து, பின்னால் யாரோ முள் வகைப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். பெட்டியை மட்டும் மாற்றினார்கள். எஞ்சினில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து மீட்டருக்குச் சொல்லும் உணரிகளை மாற்றவில்லை. மீட்டரும் உணரியும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் முள் ஏதோ ஒன்றைக் காட்டும், ஆனால் அது எஞ்சினைப் பற்றிய தகவலாக இருக்காது.

ஆயில் பிரஷரை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸின் முள் மீட்டருக்கு உரிய உணரி, அழுத்தம் இல்லாதபோது ஏறத்தாழ 0 ஓம் மின்தடையும், முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 90 ஓமும் காட்டும். விளக்கு வகைக்கு உரியதோ வெறும் சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது அது எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, சேர்ந்திருக்கும், அழுத்தம் வந்ததும் விலகிவிடும். முள் மீட்டருக்கு எர்த் என்றால் பூஜ்ஜியம், தொடர்பே இல்லை என்றால் எல்லையற்ற மின்தடை. அதனால்தான் சாவியைத் திருப்பியதும் பூஜ்ஜியத்தில் இருக்கும் முள், எஞ்சின் கிளம்பியவுடன் மீட்டரின் கடைசி எண்ணான 60ஐயும் தாண்டிப் போய் முட்டி நிற்கிறது. டெம்பரேச்சரில் கதை தலைகீழ். அங்கே முள் மீட்டரின் உணரி சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. விளக்கு வகைச் சுவிட்சோ எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால்தான் எர்த்தோடு சேரும். ஆகவே, முள் எப்போதும் குளிர்ந்த பக்கத்திலேயே கிடக்கும். என்றைக்காவது ஒருநாள் திடீரென்று கடைசிக்குத் தாவும். அதற்குள் சிலிண்டர் ஹெட்டின் அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட் போயிருக்கும்.

தீர்வு கடினமானதல்ல, விலையும் அதிகமில்லை: முள் மீட்டருக்குரிய இரண்டு உணரிகளையும் வாங்கி மாட்ட வேண்டும். இந்த வி8 எஞ்சினில் டெம்பரேச்சர் உணரி ஓட்டுநர் பக்க சிலிண்டர் ஹெட்டில், முதல் சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கழற்ற வேண்டும். ஆயில் உணரி எஞ்சினின் பின்பக்கம், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தாங்கும் பித்தளை இணைப்பை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு திருப்பாவிட்டால் இணைப்பே முறிந்துபோக வாய்ப்பு உண்டு. இந்த உணரிகளுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. மரை வழியாக எஞ்சின் உலோகத்தைத் தொடுவதுதான் அவற்றின் எர்த். ஆகவே டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் கசிவு நிற்கும், மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். டேப்பே இல்லாமல், மரைக்குப் பூசும் திரவ சீலன்ட் கொஞ்சம் தடவினால் போதும்.

சார்ஜ் பிரச்சினைதான் இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் சுவையானது, ஏனென்றால் பலர் இதற்காக, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரை, நல்ல நிலையில் இருக்கும்போதே தூக்கி எறிந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இருந்த 10எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டருக்கு வேலையைத் தொடங்க வெளியிலிருந்து சிறிதளவு மின்சாரம் வேண்டும். அது முதலாம் முனையில் சேரும் பழுப்பு ஒயர் வழியாக வருகிறது. விளக்கு வகை வண்டியில் அந்த ஒயர் டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கைக் கடந்து வருகிறது. அதாவது அந்தப் பல்பு எச்சரிக்கை மட்டும் செய்வதில்லை, ஆல்டர்னேட்டரை எழுப்புவதும் அதுதான். முள் வகைப் பெட்டியில் அந்தப் பல்புக்கு இடமே இல்லை என்பதால், பழுப்பு ஒயர் பெட்டியின் பின்னால் எங்கும் சேராமல் நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தன்மையால், எஞ்சின் வேகம் ஏறும்போது ஆல்டர்னேட்டர் தானாகவே விழித்துக்கொள்கிறது. உறுமவிட்ட பிறகு சார்ஜ் ஆவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆலையிலிருந்தே முள் வகையாக வந்த வண்டிகளில் இந்தப் பாதையில் மின்தடை ஒயர் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். உங்கள் வண்டியில் அது இல்லாததால், 194 எண்ணுள்ள சாதாரணப் பல்பு ஒன்றை ஹோல்டரோடு டாஷ்போர்டின் கீழே மாட்டி, அதன் ஒரு முனையைச் சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸ் இணைப்பிலும், மறு முனையைப் பழுப்பு ஒயரிலும் சேர்த்துவிடுங்கள். மின்தடையும் கிடைக்கிறது, இழந்த எச்சரிக்கை விளக்கும் திரும்பக் கிடைக்கிறது. எல்.இ.டி. போட்டால் அது எடுக்கும் மின்சாரம் போதாமல் ஆல்டர்னேட்டர் விழிக்காமல் போகலாம். பல்பே வேண்டாம் என்று பழுப்பு ஒயரை நேரடியாகச் சாவி இணைப்பில் சேர்ப்பது இன்னும் மோசம்: ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் சிறிய டயோடுகள் கருகலாம், அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தால், சாவியை மூடிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடலாம்.

பெட்ரோல் முள் வேறு விவகாரம். இரண்டு வகைப் பெட்டியிலும் பெட்ரோலுக்கு முள்தான். டேங்கினுள் அளவைக் காட்டும் உணரியான டேங்க் யூனிட்டும் காலி என்றால் 0, நிறைவு என்றால் 90 ஓம் என்ற ஒரே கணக்கில் இயங்குவது. ஆகவே யூனிட் மாறியிருக்க வாய்ப்பில்லை. முள் நிறைவையும் தாண்டி நிற்கிறது என்றால் தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். டேங்கிலிருந்து தள்ளி, வண்டியின் அடிச்சட்டத்தின் ஓரமாக வரும் ஒயர் இணைப்பைக் கழற்றி, டாஷ்போர்டுப் பக்க முனையைச் சாவி திறந்த நிலையில் ஒரு கணம் எர்த் செய்து பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்கின் மேலேயே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். முள் காலிக்கு இறங்கினால் மீட்டரும் முன்பக்க ஒயரும் நலம். கோளாறு டேங்க் பக்கம். பெரும்பாலும் யூனிட்டின் எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் இடம் துருப்பிடித்திருக்கும். முள் அசையவே இல்லை என்றால் பெட்டியின் பின்புறத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வரிசையில் வலப்பக்கப் பெரிய வட்டத்தில் வழக்கமாக இருப்பது பெட்ரோல் மீட்டர். கடிகாரமோ எஞ்சின் சுழற்சி மீட்டரோ வாங்கியவர்களுக்கு அந்த வட்டத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, பெட்ரோல் மீட்டரை நடுவிலுள்ள சிறிய வட்டம் ஒன்றுக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கேற்ப, பெட்டியின் முதுகில் ஒட்டிய, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும் அச்சுச் சுற்றும் வேறுபடும். ஒரு வகையின் மீட்டர்களை இன்னொரு வகையின் தாளில் மாட்டினால் நட்டு உட்காரும், மின்சாரம் வராது. அந்தத் தாளைக் கையில் எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: பெரிய கனெக்டர் செருகும் இடத்தில் செம்பு மடங்கி மயிரிழை விரிசல் விட்டிருக்கும், பல்பு ஹோல்டர் திருகும் வட்டங்களைச் சுற்றிக் கறுத்திருக்கும். கறுப்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். விரிசலைச் சாலிடர் வைத்து ஒட்டப் பார்த்தால் பிளாஸ்டிக் உருகும்; உங்கள் மீட்டர் அமைப்புக்கு உரிய புதிய தாளை வாங்குவதே நல்லது, இந்த வண்டிகளுக்கு அவை இன்னும் தயாராகின்றன. மீட்டர்களின் முதுகில் உள்ள சிறிய நட்டுகள்தாம் மின்சாரத்தையும் கடத்துகின்றன என்பதால், அவற்றைத் தளர்வாக விட்டுவிடக் கூடாது. அதற்காக முறுக்கித் தாளைக் கிழித்துவிடவும் கூடாது.

கழற்றும் முறையில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் எடுங்கள். கைபிரேக்கைப் போட்டுவிட்டு, கியர் கைப்பிடியைக் கடைசிக் கீழ் நிலைக்கு இறக்கினால்தான் பெசல் ஸ்டீயரிங் தண்டைத் தாண்டி வெளியே வரும். ஹெட்லைட் குமிழைப் பிடித்து இழுத்துப் பிடுங்க வேண்டாம். அதை முழுக்க வெளியே இழுத்த நிலையில், டாஷ்போர்டின் அடியில் கைவிட்டு, சுவிட்சின் மேல் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்தினால் தண்டோடு கழன்று வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நிலையைக் காட்டும் ஊசியின் மெல்லிய கேபிள் ஸ்டீயரிங் தண்டில் கொக்கி போட்டு நிற்கும். அதை மறந்து பெட்டியை இழுத்தவர்கள் ஏராளம்.

வேகமானிக்கு வருவோம். 85 மைலில் முடியும் முகப்பு, பெட்டி எந்தக் காலத்தது என்பதற்கான சாட்சி. வேகமானி 85 மைலுக்கு மேல் காட்டக் கூடாது, அன்றைய வேக வரம்பான 55ஐ எடுத்துக்காட்ட வேண்டும் என்ற அமெரிக்க அரசின் விதி 1979 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து 1982இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனாலும் நிறுவனங்கள் அந்த முகப்பைப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தன. ஆகவே 1978 வண்டியில் அது இருக்க நியாயமில்லை. ஆனால் அதனால் வேகம் தவறாகக் காட்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்த வேகமானிகள் எல்லாமே கேபிள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுழன்றால் 60 மைல் என்று காட்டும்படி செய்யப்பட்டவை. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசம் இருந்தால், காரணம் டயர் அளவிலோ பின் அச்சின் விகிதத்திலோ இருக்கும். திருத்த வேண்டியது கியர்பாக்ஸில் கேபிளை ஓட்டும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை.

மைல் எண்ணிக்கையை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். ஓடோமீட்டரைப் பழுதுபார்க்கும்போதோ மாற்றும்போதோ பழைய எண்ணிக்கையை அப்படியே வைக்க முடியவில்லை என்றால், பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, முன்பிருந்த மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். பழைய வண்டியை விற்கும்போது மைலை எழுதிக்கொடுக்கும் கடமையிலிருந்து விலக்கு இருப்பதால் இதற்கும் விலக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. 1978க்குரிய வேகமானியைத் தேடி வாங்கி மாட்டுவதாக இருந்தால், இப்போதுள்ளது காட்டும் எண்ணைக் கழற்றும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறம். எல்லாவற்றையும் எதற்குப் பொருத்துவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எனக்கு விருப்பமான விதி: எதை மாற்றுவது மிகக் கடினமோ, அதுவே அளவுகோல். இந்த வண்டியில் அது டாஷ்போர்டின் உலோகச் சட்டமும் கதவு உள்பக்கத்தின் உலோகமும்தான். அவற்றின் வெயில் படாத மூலைதான் வண்டியின் உண்மையான நிறம். கையுறைப் பெட்டியைக் கழற்றினால் அப்படி ஒரு மூலை தெரியும். அந்தப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் வண்டியின் அடையாள எண்ணும் ஆலை பொருத்திய வசதிகளும் அச்சான தாள் ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் கதவு நீலம் என்பதால், அந்தத் தாளும் வேறு வண்டியுடையதாகவே இருக்கும். அதில் உள்ளபடி நிறம் வாங்கிவிடாதீர்கள். அடையாள எண்ணில் 17 எழுத்துகள் இருந்தால் அந்தக் கதவு 1981 அல்லது அதற்குப் பிந்தைய வண்டியிலிருந்து வந்தது, பத்தாவது எழுத்து ஆண்டைச் சொல்லும். உங்கள் வண்டியின் எண் 13 எழுத்துதான், அதில் ஆறாவது இடத்தில் 8 இருக்க வேண்டும்.

பெசலையும் மெத்தையையும் பொறுத்தவரை, 1980 வரை ஒரு கூட்டம், 1981 முதல் இன்னொரு கூட்டம் என்று கொள்ளலாம். பழுப்புப் பெசல் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ள, ஸ்க்ரூ துளைகள் எல்லாம் வற்புறுத்தாமல் சேர்கின்றனவா, உங்கள் வைப்பர் சுவிட்சுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிந்தைய சில ஆண்டுகளில் வைப்பர் சுவிட்ச் ஸ்டீயரிங் தண்டின் கைப்பிடிக்குப் போய்விட்டது. குளிர்சாதனம் உள்ள வண்டியின் பெசலில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். உங்கள் வண்டியில் அது இல்லை என்றால் அவை பின்னால் ஒன்றும் இல்லாத வெறும் ஜன்னல்கள். துளை சேராத பெசலை ரம்பத்தால் அறுத்துப் பொருத்துவதைவிட, சரியான ஆண்டுக்குரியதை, என்ன நிறமாக இருந்தாலும், வாங்குவது மேல். நிறத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்ற முடியாது.

பெசல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் ஸ்க்ரூ துளையைச் சுற்றி விரிசல் விட்டிருப்பதைச் சரிசெய்யலாம். பின்பக்கத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில், அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் ஏபிஎஸ். உடைந்து பயன்படாத ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, மெல்லிய வலைத் துணியோடு சேர்த்துப் பின்பக்கமாகப் பூசினால், காய்ந்தபின் அதே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். ஓரிரு நாள் முழுதாகக் காயவிடுங்கள்; அவசரப்பட்டுத் துளையிட்டால் ஸ்க்ரூ கூழையே இழுத்துக்கொண்டு வரும். அசிட்டோனுக்கு அசையாத பிளாஸ்டிக்கில் இந்த வேலை பலிக்காது.

பெயிண்டில் தோற்பதற்கு முக்கியக் காரணம் முன் சொந்தக்காரர்கள் அன்போடு தடவிய பளபளப்பு எண்ணெய். அதில் உள்ள சிலிக்கோன் பிளாஸ்டிக்கின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். அதன் மேல் அடித்த பெயிண்ட் சின்னச் சின்னக் குழிகளாக விலகும், அல்லது ஒரு கோடையில் தோலாக உரியும். பாத்திரம் கழுவும் சோப்பும் சொரசொரப்பான நாரும் கொண்டு தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்து, அதையும் புதிய துணியால் எடுத்துவிட வேண்டும். பிறகு உட்புறப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பெயிண்டை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒரே பூச்சில் மூட நினைத்தால் பிளாஸ்டிக்கின் தோல் வடிவ ரேகைகள் நிரம்பி வழுவழுப்பாகிவிடும். பெசல், கதவு, ஸ்டீயரிங் தண்டின் மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து, வண்டியில் நிற்கும் அதே சாய்வில் வைத்து அடித்தால் நிறம் ஒன்றுபோல் வரும்.

மேல் மெத்தைக்குப் பூச்சு வேலை பயன்படுவது, அதில் வெடிப்பு இல்லாவிட்டால் மட்டுமே. வெயிலில் வினைலுக்கு மென்மை தரும் வேதிப்பொருள் ஆவியாகிப்போக, வினைல் சுருங்கி, அடியிலுள்ள நுரையும் இறுகுவதால்தான் வெடிப்பு வருகிறது. அதனால் பட்டி போட்டுத் தேய்த்தாலும், அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு கிளம்பும். மேலே கவிழ்த்து ஒட்டும் மெல்லிய வார்ப்பு மூடிகள் கிடைக்கின்றன. மலிவானவை, தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் கண்ணாடிப் பக்கக் காற்றுத் துவாரத்தின் ஓரத்தில் இரட்டை விளிம்பு தெரியும். கையில் பணம் இருந்தால் புதிய மெத்தையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் பளபளப்பு இல்லாததாக இருக்கட்டும். பளபளக்கும் மெத்தை வெயிலில் முன் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும்.

திரும்ப மாட்டும்போது பெசலைக் கடைசியாக வையுங்கள். மீட்டர் பெட்டியையும் கேபிளையும் கனெக்டரையும் மாட்டி, பேட்டரியைச் சேர்த்து, சாவியைத் திறந்து பாருங்கள்: ஆயில் முள் பூஜ்ஜியத்திலும், டெம்பரேச்சர் குளிர்ந்த பக்கத்திலும், பெட்ரோல் டேங்கில் உள்ள அளவிலும் நிற்க வேண்டும், நீங்கள் சேர்த்த 194 பல்பு எரிய வேண்டும். எஞ்சினைக் கிளப்பியதும் பல்பு அணைந்து, வோல்ட் மீட்டர் 14 பக்கம் ஏறி, ஆயில் முள் நடுவில் எங்கோ நின்று, எஞ்சின் சூடாகச் சூடாக மெல்ல இறங்கினால் எல்லாம் சரி. அப்புறம் பெசலின் ஸ்க்ரூக்களைக் கையால் எல்லாத் துளைகளிலும் தொடங்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக, பிளாஸ்டிக் உட்காரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.